கையில் கட்டிய கயிறு கைப்பேசிக்குள் போய்விட்டது

2019 ஜூலை இறுதியில் தமிழ்நாடு பள்ளிக் கல்வி இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டி வருகிறார்கள், எந்தெந்தப் பள்ளிகளில் இது நடக்கிறது என்று கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தத் தகவலை அரசுக்குக் கொண்டுபோனவர்கள் பயிற்சியில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். அடுத்த சில நாள்களிலேயே, இது இந்துக்களின் நம்பிக்கையில் கை வைப்பது என்று எச். ராஜா போன்றவர்கள் கூச்சல் போட்டார்கள். அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன், சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வராமல் போனது, பழைய நடைமுறையே தொடரும் என்று சொல்லிவிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் 12-ஆம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அவர் அறிக்கையைக் கொடுத்தார். கயிறு, மோதிரம், சாதியைக் காட்டும் அடையாளங்கள், சாதி நிறம் பூசிய சைக்கிள் எல்லாம் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது, பள்ளி வளாகத்தில் மாணவர்கள் கைப்பேசி பயன்படுத்தக்கூடாது என்று பல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு எடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நான் பார்த்த அளவில், எங்கள் பக்கம் கையில் கயிறு குறைந்துவிட்டது. ஆசிரியர் பார்த்தால் அறுத்துவிடுவார் என்று பையன்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கயிறு எங்கேயும் போய்விடவில்லை. கைப்பேசிக்குள் போயிருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் இரண்டு தீ எமோஜி. ஸ்டேட்டஸில் அக்னிச் சட்டி. ஸ்டோரியில் சிங்கம், வாள், மஞ்சள் புகை, பின்னணியில் படப் பாட்டு, மேலே 'ஆண்ட பரம்பரை'. கயிறு கட்டியவனை வகுப்பில் நாற்பது பேர் பார்த்தார்கள். ரீல்ஸ் போட்டவனை நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். அறுப்பதற்கு எந்த ஆசிரியரிடமும் கத்தரி இல்லை.

கைப்பேசி சாதியை உண்டாக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "எல்லாம் இந்த செல்போனால் வந்தது, எங்க காலத்துல எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்தோம்" என்று பேசுகிற பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இதைவிடப் பெரிய பொய் கிடையாது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அப்போது வாட்ஸ்அப் இல்லை. வதந்தி வாய் வழியாகவே போனது, போதுமான வேகத்தில் போனது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தபோது, எரித்தவர்களில் பெரும்பாலோர் கையில் இன்ஸ்டாகிராம் இல்லை. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குப் போன கூட்டத்தால் மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தன. திண்டிவனத்திலிருந்து பேருந்தில் போனால் ஒரு மணி நேரத் தூரம்தான். அந்த வீடுகளில் அன்று குழந்தையாக இருந்தவர்கள் இப்போது கல்லூரி முடிக்கும் வயதில் இருக்கிறார்கள்.

அப்படியானால் கைப்பேசி என்ன செய்தது? மூன்று வேலைகளைச் செய்தது. சாதிவெறியைப் பரப்ப முன்பு ஆள், மேடை, வாகனம், பணம் வேண்டியிருந்தது. அந்தச் செலவை இல்லாமல் ஆக்கியது. இரண்டாவதாக, முன்பு சங்கக் கூட்டத்துக்குப் போகும் வயது வந்தவர்களின் காதில் மட்டும் விழுந்த பேச்சைப் பதினான்கு வயதுப் பையனின் போர்வைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்றாவதாக, வெறுப்புக்குப் பரிசு கொடுக்கிற பழக்கத்தை ஏற்படுத்தியது. லைக், ஃபாலோயர், கமெண்ட் எல்லாம் அந்தப் பரிசுதான்.

'நாடகக் காதல்' என்கிற சொல்லை எடுத்துக்கொள்வோம். தருமபுரி எரிந்த காலத்தில், ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் பேசினார். தலித் அல்லாத சாதி அமைப்புகளையெல்லாம் சேர்த்து ஊர் ஊராகக் கூட்டம் நடத்தினார். அந்தப் பேச்சைக் கேட்க ஒருவர் மண்டபத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரியில் அதே கருத்தைச் சுமந்துகொண்டு 'திரௌபதி' படம் வந்தது. அதற்கும் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம் கொரோனாவால் பள்ளிகள் மூடின. ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கியாவது வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வந்தது. ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. 9 முதல் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2021 செப்டம்பரில் பள்ளிக்குத் திரும்பும்போது கையில் பழைய புத்தகப்பை இருந்தது, தலையில் புதிய பாடத்திட்டம் இருந்தது. மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசியது முப்பது விநாடியாகச் சுருங்கி, இசை சேர்ந்து, ஒரே இரவில் பத்துத் தடவை அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

இரண்டே மாதத்தில் அந்தப் பாடத்துக்குப் பரீட்சையும் வந்தது. 2021 நவம்பரில் 'ஜெய்பீம்' வெளியானது. 1993-இல் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் வழக்கை அடிப்படையாகக் கொண்ட படம். அந்த வழக்கை நடத்திய வழக்கறிஞர்தான் பிற்காலத்தில் நீதிபதியாகி, இப்போது பள்ளிச் சாதி மோதல் குறித்து அறிக்கை கொடுத்த சந்துரு. படத்தில் சில விநாடிகள் வந்துபோகும் ஒரு காலண்டரில் அக்னிக் கலசம் இருந்தது என்று பிரச்சினை கிளம்பியது. படக்குழு அந்தக் காட்சியை மாற்றிவிட்டது. ஆனாலும் ஓயவில்லை. ஐந்து கோடி நட்ட ஈடு கேட்டு வன்னியர் சங்கம் நோட்டீஸ் அனுப்பியது. சமூக ஊடகத்தில் நடிகர் சூர்யா மீது வசைமழை பொழிந்தது. அப்போது எட்டாவது, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் 'இயக்கத்தில்' பங்கெடுத்தார்கள். அதற்கு அவர்கள் செய்ய வேண்டியிருந்தது, ஒரு படத்தை ஃபார்வர்டு செய்வது மட்டுமே.

அந்தக் கூச்சலில் யாருடைய பேச்சு அடிபட்டுப் போனது? இருளர்களுடைய பேச்சு. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1996-இல் பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியில் தொடங்கி, திண்டிவனத்தை மையமாக வைத்து வேலை செய்துவரும் அமைப்பு. சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் பொய் வழக்குக்கும் எதிராக அது அலைந்த தூரம் கொஞ்சமல்ல. அந்த மக்களின் கதையைப் படமாக எடுத்தால், அவர்கள் ஊரிலேயே விவாதம் ஒரு காலண்டரைப் பற்றித்தான் நடந்தது. இருளர் பிள்ளைகளுக்கு ஃபேன் பேஜ் இல்லை. அவர்களைக் கேலி செய்யும் மீம்ஸுக்குப் பதில் போட அவர்களில் பலரிடம் போனே இல்லை.

ஒரு குரூப் போட்டோ

எப்படி நடக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் அடையாளமும் வேண்டாம். விளையாட்டு விழா முடிந்து 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதை ஒரு மாணவி தன் ஸ்டோரியில் போட்டாள். அன்று இரவே யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவளையும் காலனிப் பையன் ஒருவனையும் மட்டும் வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சாதிப் பெயரில் இயங்கும் ஒரு பேஜுக்கு அனுப்பிவிட்டார்கள். "நம்ம வீட்டுப் பிள்ளைகளைக் கவனியுங்கள் சொந்தங்களே" என்று தலைப்பு. கீழே கமெண்டுகளில் பள்ளியின் பெயர், பையனின் ஊர், அவன் ஏறும் பேருந்து எல்லாம் வந்துவிட்டன.

அடி விழவில்லை. போலீஸ் வரவில்லை. செய்தித்தாளிலும் வரவில்லை. அந்தப் பெண்ணின் போனை வீட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட்டு, கூட்டிக்கொண்டு போனான். பரீட்சை முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பையன் ஏழரை மணிப் பேருந்தை விட்டுவிட்டு ஆறரை மணிப் பேருந்துக்கு மாறினான். அதுவரை அவன் ஸ்டேட்டஸில் இருந்த அம்பேத்கர் படம் காணாமல் போனது. ஏன் என்று கேட்டதற்கு, "எதுக்குண்ணா வம்பு, படிச்சிட்டுப் போயிடுறேன்" என்றான்.

ரத்தம் சிந்தினால் மட்டும்தான் நாம் இதைச் செய்தியாக்குகிறோம். இந்தச் சம்பவத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் மேல்படிப்பு நின்றுபோகும் நிலைக்கு வந்தது. ஒரு பையன் தன் வகுப்பறையிலேயே விருந்தாளியாக உட்காரக் கற்றுக்கொண்டான். சாதிப் பக்கங்களின் வீர வசனங்களையெல்லாம் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இதுதான்: யார் யாரோடு பேசலாம், யார் யாரைக் கட்டலாம் என்கிற பழைய அகமண விதி. பெண்ணைக் காவல் காக்கிற வேலை முன்பு தெருவுக்கு இருந்தது. இப்போது ஊர் பேர் தெரியாத ஓர் அட்மினுக்கும் இருக்கிறது.

எல்லாச் சம்பவங்களும் ரத்தமில்லாமல் முடிவதும் இல்லை. 2022 மே மாதம் திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்தில் 6-ஆம் வகுப்பு படித்த தலித் சிறுவனைச் சக மாணவர்கள் சாதியைச் சொல்லித் திட்டி எரிகிற புதரில் தள்ளியதாகப் புகார் வந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. பதினோரு வயதுப் பிள்ளைகள். அந்தச் சொல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வீடு, தெரு, திரை என்று மூன்றையும் கைகாட்ட வேண்டியிருக்கும்.

கொலைகாரனுக்கு பிஜிஎம்

பதினைந்து வயதுப் பையனுக்கு யார் கதாநாயகன்? 2015-இல் கோகுல்ராஜ் கொலை வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஆடியோ வெளியிட்டுப் போலீசுக்குச் சவால் விட்டார். 2022 மார்ச்சில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆடியோ கேட்ட கூட்டத்துக்குத் தீர்ப்பு ஒரு பொருட்டே இல்லை. தண்டனைக்குப் பிறகும் அவர் படத்துக்கு எடிட் போடுகிறார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் தலித் பொறியாளர் கவின் கொல்லப்பட்டார். இறுதிச் சடங்கு நடப்பதற்குள்ளேயே குற்றம் சாட்டப்பட்ட இளைஞரைக் கொண்டாடும் பதிவுகள் இன்ஸ்டாகிராமில் வந்துவிட்டன. எங்கோ தெற்கே நடந்தது என்று நினைக்க வேண்டாம். விழுப்புரத்துப் பையன் போனில் அது அன்று மாலையே வந்தது. வேறு சாதி, வேறு மாவட்டம் என்றாலும், "தங்கச்சிக்காக நின்னவன்" என்று இங்கேயும் பகிர்ந்தார்கள். முன்பு வடக்குக்கும் தெற்குக்கும் இடைநிலைச் சாதிப் பெருமிதங்கள் தனித்தனியாகக் கிடந்தன. அல்காரிதம் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டது.

இது நமக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 2022 மே 14 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் 18 வயது வெள்ளை இளைஞன் ஒருவன் ஒரு பேரங்காடியில் புகுந்து 10 கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றான். முந்தைய ஆண்டுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தான். கொரோனா காலத்தில் பொழுது போகாமல் இணையத்தில் மேய்ந்தபோதுதான் நிறவெறிக் கருத்துகளைப் படித்ததாக அவனே எழுதி வைத்திருந்தான். கொலையையும் இணையத்தில் நேரலையாகக் காட்டினான். அங்கே 'வெள்ளையர்களை ஒழிக்கச் சதி' என்று சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே 'நம் பெண்களைக் கவரச் சதி' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பெரும்பான்மையாக இருக்கிறவனிடம் "நீதான் ஆபத்தில் இருக்கிறாய்" என்று நம்பவைப்பதுதான் இரண்டுக்கும் பொதுவான உத்தி.

இந்தப் பேஜுகளை நடத்துவது யார்? சிலவற்றின் பின்னால் கட்சி, சங்கப் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். சிலவற்றின் பின்னால் விளம்பரக் காசு பார்க்கிற ஆள்கள் இருக்கிறார்கள். சிலவற்றை நடத்துவது பிள்ளைகளேதான். அப்படி ஒரு பையனோடு பேசியிருக்கிறேன். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், அம்மா நூறுநாள் வேலை. அந்த வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவன். ஏன்டா இதைப் போடுகிறாய் என்று கேட்டேன். "கிளாஸ்ல என்னைய யாருக்குண்ணா தெரியும்? பேஜ்ல போட்டா நாலாயிரம் பேரு பாக்குறாங்க. 'செம மாஸ் தம்பி'ன்றாங்க" என்றான்.

அந்தப் பதிலை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. இங்கிலீஷ் வராது, மார்க் இல்லை, வீட்டில் காசு இல்லை, நாளைக்கு என்ன வேலை என்று தெரியாது. அப்படி இருக்கிறவனுக்கு எந்த உழைப்பும் இல்லாமல் கிடைக்கிற ஒரே பட்டம் சாதி. உனக்கு மேலே இருப்பவனைப் பார்த்துக் கேள்வி கேட்காதே, உனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்துத் திருப்திப்படு என்கிற ஏற்பாட்டைத்தான் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். இன்ஸ்டாகிராம் அந்த ஏற்பாட்டுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

அந்தப் பையனுக்கு யாரும் சொல்லாத வரலாறு ஒன்று இருக்கிறது. 1987 செப்டம்பர் 17 அன்று, பெரியார் பிறந்தநாளில், வன்னியர் சங்கம் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒருவாரச் சாலை மறியலைத் தொடங்கியது. இதே விழுப்புரம், திண்டிவனம் சாலைகளில்தான் மறியல் நடந்தது. அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு கிடைத்தது. அந்தப் பையனின் அக்கா நர்சிங் சேர்ந்தது அந்த இடத்தில்தான். விழுப்புரத்தில் அந்த 21 பேருக்கு மணிமண்டபம் கட்டி 2025 ஜனவரியில் திறந்தார்கள். அவர்கள் செத்தது "நாங்கள் ஆண்ட பரம்பரை" என்று சொல்வதற்காக அல்ல. "நாங்கள் பின்தங்கியிருக்கிறோம், எங்கள் பங்கைக் கொடு" என்று கேட்டுச் செத்தார்கள். ஆண்டவனுக்கு எதற்கு இடஒதுக்கீடு? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பாதி ரீல்ஸ் படுத்துவிடும். அதே போராட்ட நாள்களில் பல ஊர்களில் சேரிக் குடிசைகள் எரிந்ததும் வரலாறுதான். இரண்டையும் சேர்த்துத்தான் அவனிடம் சொல்ல வேண்டும். உரிமைக்காக எழுந்த கை, பக்கத்துத் தெருவை ஏன் கொளுத்தியது என்று அவனையே யோசிக்க வைக்க வேண்டும்.

தடை போட்டால் தீருமா?

பள்ளியில் போன் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரை வரைக்குமான தீர்வு. ரீல்ஸ் வருவது இரவு பத்து மணிக்கு. அதற்குமேல் போய், பிள்ளைகள் கையில் போனே இருக்கக்கூடாது என்று சொல்பவர்கள், முதலில் யார் போன் பறிபோகும் என்று யோசிக்க வேண்டும். பெண்பிள்ளைகளுடையது போகும். நம் பிள்ளைகளுடையது போகும். கல்வி உதவித்தொகை விண்ணப்பம் முதல் நுழைவுத்தேர்வுப் பயிற்சி வரை காலனிப் பிள்ளைக்கு அந்தப் போன்தான் நூலகம், அதுதான் சாட்சியும். 2022-இல் தூத்துக்குடி மாவட்டத்தில் ஆசிரியை ஒருவர் மாணவரிடம் சாதி பேசியது வெளியே வந்தது ஓர் ஆடியோ பரவியதால்தான். 2025 செப்டம்பரில் திண்டிவனம் நகராட்சி அலுவலகத்தில் தலித் ஊழியர் ஒருவர் கவுன்சிலர் காலில் விழும் காட்சி ஊருக்கே தெரிந்தது, சிசிடிவி பதிவு போன் போனாகப் போனதால்தான். கருவி ஒன்றுதான்.

"ரெண்டு பக்கமும்தான் போடுறாங்க" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான், நம் பிள்ளைகளும் பதிலுக்குப் போடுகிறார்கள். ஆனால் "நான் உனக்கு மேல்" என்று சொல்வதும், "நான் உனக்குக் கீழ் இல்லை" என்று சொல்வதும் ஒன்றாகாது. இதை விட்டுக்கொடுக்க முடியாது. அதே நேரம் நம் பிள்ளைகளிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரிவாள் எமோஜி போடுவது அம்பேத்கரியம் அல்ல. அவன் மஞ்சள் புகைக்கு நீ நீலப் புகை விடுவதில் லாபம் இன்ஸ்டாகிராமுக்கு மட்டும்தான். போலீஸ் வந்தால் முதலில் தூக்குவது உன்னைத்தான்.

வேறு என்ன செய்யலாம்? சட்டம் இருக்கிறது. பட்டியலின, பழங்குடி மக்கள் மீது பகைமையையும் வெறுப்பையும் எழுத்தாலோ பேச்சாலோ காட்சியாலோ தூண்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(u) பிரிவில் குற்றம். இணையத்தில் போடுவதும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று 2022 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு யூடியூப் வீடியோ வழக்கில் சொல்லியிருக்கிறது. இந்தச் சட்டத்தைப் பதினைந்து வயதுப் பையன்கள் மீது பாய்ச்சி அவர்கள் எதிர்காலத்தை முடிக்கச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தீனி போடுகிற வயது வந்த அட்மின்கள், சங்கப் பொறுப்பாளர்கள், வீடியோ விற்கும் ஆள்கள் மீது பாயட்டும். 2019 ஏப்ரலில் பொன்னமராவதியில் ஒரு வாட்ஸ்அப் ஆடியோவால் ஊரே பற்றி எரிந்து 144 போட்டார்கள். எரிந்த பிறகு 144 போடத் தெரிந்த அரசுக்கு, எரிவதற்கு முன்பு ஒரு பேஜை முடக்கத் தெரிய வேண்டும்.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. சாதி அடிப்படையிலான வெறுப்புக்கு இடமில்லை என்று யூடியூப் 2019-லேயே விதி எழுதிவிட்டது. ஆனால் நாம் புகார் செய்தால் 'விதிமீறல் இல்லை' என்று பதில் வருகிறது. தீ எமோஜி எந்தச் சாதிக்கு, 'சொந்தங்களே' என்றால் யார், 'அவனுங்க' என்றால் யார் என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு அவசரமும் இல்லை. 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலருக்குப் போகும் புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, குறித்த காலக்கெடுவுக்குள் முடிக்க வேண்டும். எனவே வெறுமனே ரிப்போர்ட் பொத்தானை அமுக்கிவிட்டுப் போகாமல், இணைப்பு, தேதி, ஸ்கிரீன்ஷாட்டோடு எழுத்தில் புகார் அனுப்புவோம். ஒருவர் அனுப்புவதைவிட ஓர் ஊரே அனுப்பினால் கனம் கூடும். மாணவர்களுக்கு 14417, வன்கொடுமைக்கு 14566 என்று உதவி எண்கள் இருக்கின்றன. எத்தனை பள்ளிச் சுவர்களில் இவை எழுதப்பட்டிருக்கின்றன என்று உங்கள் ஊரில் போய்ப் பாருங்கள்.

பள்ளிக்குள் செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். வாரத்தில் ஒரு வகுப்பு போதும். ஒரு சாதி ரீல்ஸை எடுத்து மாணவர்கள் முன் வைத்து, இதைச் செய்தது யார், இதனால் காசு யாருக்கு, இதில் சொல்லும் ராஜா யார், அந்த ராஜா காலத்தில் உன் தாத்தா என்ன வேலை செய்தார் என்று பிரித்துப் போடும் வகுப்பு. அதை எடுக்கத் துணிவுள்ள ஆசிரியர் வேண்டும். அவருக்குப் பின்னால் அரசு நிற்க வேண்டும். நிற்குமா? 2024 விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் திமுகவும் பாமகவும் ஒரே சாதியிலிருந்துதான் வேட்பாளர் நிறுத்தின. வேட்பாளரைத் தேடும்போது சாதியைப் பார்க்கும் கட்சிகள், பள்ளிக்கூடத்தில் சாதி பார்க்காதே என்று பிள்ளையிடம் சொன்னால் அவன் சிரிக்க மாட்டானா? மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போனதற்காக 2023 ஏப்ரலில் தலித்துகள் அடிக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்றம் போய், போலீஸ் காவலோடு அவர்கள் உள்ளே போக 2025 ஏப்ரல் ஆனது. அந்த இரண்டு ஆண்டுகளும் அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போய்வந்தார்கள். சமத்துவத்துக்கு அரசு எவ்வளவு தயங்குகிறது என்பதும் அவர்களுக்கு ஒரு பாடம்தான்.

கடைசியாக, இதைப் படிக்கிற தோழர்களுக்கு. ஒரு சாதிவெறி ரீல்ஸைப் பார்த்ததும் கொதித்து, "பாருங்கள் இந்தக் கேவலத்தை" என்று நாம் பகிர்வது அந்த ரீல்ஸுக்குக் கூடுதலாக ஆயிரம் பேரைக் கூட்டிக்கொடுக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டைச் சேமியுங்கள், புகார் செய்யுங்கள், பரப்பாதீர்கள். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற பதிவு சென்னையில் உட்கார்ந்திருக்கிற நண்பருக்குத்தான் போய்ச் சேர்கிறது. மயிலத்திலும் வானூரிலும் இருக்கும் பதினோராம் வகுப்புப் பையனுக்கு அது போவதில்லை. அவனிடம் போக வேறு வழி இல்லை, நேரில் போக வேண்டும். சனி, ஞாயிறுகளில் ஒரு மாலை வகுப்பு, ஒரு கபடிக் குழு, ஒரு சின்ன நூலகம், அதில் ஊரும் காலனியும் ஒரே பெஞ்சில். இது மெதுவான வேலை, லைக் விழாது. ஆனால் "செம மாஸ் தம்பி" என்று நாலாயிரம் பேர் சொல்வதை ஒரு பையன் ஏன் தேடுகிறான் என்றால், "நல்லாப் படிக்கிறடா" என்று சொல்ல அவனுக்கு ஓர் ஆள் இல்லை. வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் விழுப்புரம் மாவட்டத்தில் பத்து ஊரில் அப்படி ஓர் ஆள் இருந்தாலே பெரிய தொடக்கம். ஆறரை மணிப் பேருந்துக்கு மாறிப்போன பிள்ளையை ஏழரை மணிப் பேருந்துக்குத் திரும்பக் கூட்டிவருவது நம் வேலை, அந்த மாணவியைப் பன்னிரண்டாவது முடிக்க வைப்பதும் நம் வேலை. எந்த ஊருக்கு யார் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், தோழர்களே.